மூளைக்குள் ஒரு குறுக்கு வழி: முதல் கதிர்வீச்சு பலிக்காவிட்டால் அடுத்து என்ன?

உங்கள் தாத்தாவோ பாட்டியோ பேராக்கின் ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர்களாக இருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவீர்கள்?”

மேலோட்டமாகச் சீவினால் பால் சரியாக இறங்காது என்பார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராமல் முண்டுமுண்டாகத் தடித்துவிடும். பாலுக்கும் காயத்துக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். விடியற்காலை இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் அந்த அளவைப் பிசகாமல் பிடித்தவர்கள் அவர்கள்.

மூளை மருத்துவத்திலும் இப்படி ஒரு வேலை இருக்கிறது. அங்கே கத்தி எஃகினால் ஆனதல்ல. காமாக் கதிர்களால் ஆனது. குறைவாகப் போனால் நோய் தீராது. கூடுதலாகப் போனால் நல்ல மூளைக்குக் காயம். சரியாகச் செய்தாலும் சில வேளைகளில் முதல் முறை பலிப்பதில்லை. அப்போது மருத்துவர்கள் என்ன செய்வார்கள் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

இரத்தம் எடுக்கும் குறுக்கு வழி

நம் மூளையின் எடை, உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை மூளைக்கே போகிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர்.

இந்த இரத்தத்தைக் கொண்டு வருபவை தமனிகள். இவற்றின் சுவர் தடிமனானது. உள்ளே அழுத்தம் அதிகம். இரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்பவை சிரைகள். இவற்றின் சுவர் மெல்லியது, அழுத்தமும் குறைவு. இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள் வலைபோல் பரவியிருக்கின்றன. ஆக்சிஜனும் சத்தும் மூளைச் செல்களுக்கு இறங்குவது இங்கேதான். இரத்தம் சிரையை அடைவதற்கு முன்பு அதன் வேகமும் அழுத்தமும் அடங்குவதும் இந்த வழியில்தான்.

சிலருடைய மூளையில் ஒரு பகுதியில் மட்டும் இந்தத் தந்துகி வலை இருப்பதில்லை. தமனிகள் நேரடியாகச் சிரைகளோடு சேர்ந்து, நூல்கண்டு சிக்கியதுபோல் ஒரு பின்னலாகிவிடுகின்றன. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாயைத் தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மெல்லிய ரப்பர் குழாயோடு நேராக மாட்டிவிட்டால் என்ன ஆகும்? குழாய் உப்பும், ஒருநாள் வெடிக்கவும் செய்யலாம். மூளைக்குள்ளும் அதே நிலைமைதான்.

தமனி–சிரைப் பின்னல் என்று நாம் தமிழில் சொல்லலாம். மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.வி.எம். என்பார்கள். வீட்டில் பெரியவர்களிடம் ஏ.வி.எம். என்றால் பழைய சினிமாக் கம்பெனிதான் நினைவுக்கு வரும், இது வேறு! 

இது தொற்றுநோய் அல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை. ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 10 முதல் 18 பேருக்கு இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்குத் தலைவலி, கைகால் பலவீனம். இன்னும் சிலருக்கு முதல் அறிகுறியே மூளைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவுதான். இளம் வயதினரையும் அது விட்டுவைப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

வெடிக்காத ஒரு பின்னலில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. “அவ்வளவுதானா?” என்று தோன்றலாம். கணிதப் பாடத்தில் படித்த நிகழ்தகவை இங்கே போட்டுப் பாருங்கள்.

நடுவான அளவாக 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு கசிவு இல்லாமல் கடக்கும் வாய்ப்பு 0.97. மூன்று ஆண்டுகளுக்கு 0.97-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.91. அதாவது, மூன்று ஆண்டுகளில் கசிவு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 9 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு 26 விழுக்காடு. முப்பது ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு!

70 வயதுப் பெரியவருக்கு முப்பது ஆண்டுக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 15 வயது மாணவருக்கு முப்பது ஆண்டுகள் போனாலும் வயது 45தான். இளையோருக்கு இந்தப் பின்னலை அடைத்துவிட மருத்துவர்கள் பெரும்பாலும் முயல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

எஃகு இல்லாத கத்தி

மண்டையோட்டைத் திறந்து பின்னலை வெட்டியெடுப்பது ஒரு வழி. ஆனால், பேச்சு, பார்வை, கைகால் அசைவு ஆகியவற்றை நடத்தும் பகுதியிலோ, மூளையின் ஆழத்திலோ அது இருந்தால் கத்தி வைப்பது ஆபத்து. 

இதற்கு வேறு வழி தேடியவர் சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். தலையைத் திறக்காமல், பல திசைகளிலிருந்து கதிர்களை ஒரே புள்ளியில் குவித்து மருத்துவம் பார்க்கலாம் என்ற எண்ணத்தை அவர் 1951இல் வெளியிட்டார். 1960களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் அதற்கான கருவி தயாரானது. அதுதான் காமா கத்தி. 1970இல் லடிஸ்லாவ் ஸ்டெய்னர் என்ற மருத்துவர் அந்தக் கருவியைத் தமனி–சிரைப் பின்னலுக்கு முதன்முதலாகப் பயன்படுத்தினார்.

இதன் தத்துவம் எளிமையானது. பூதக்கண்ணாடி சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும்போது காகிதம் கருகுகிறது. அந்தப் புள்ளிக்கு வெளியே சூடு அவ்வளவாக இல்லை. காமா கத்தியில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. கருவியின் புதிய வகைகளில் 192 மெல்லிய கதிர்கள் தலையைச் சுற்றிலுமிருந்து வந்து ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கதிரும் தனியாகப் பலவீனமானது. வழியில் உள்ள மூளையை அதிகம் பாதிக்காது. எல்லாம் சேரும் இடத்தில் மட்டும் வலிமை கூடுகிறது. 

கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். புதிய கோபால்ட் 30 நிமிடங்களில் கொடுக்கும் கதிர் அளவை, ஐந்தேகால் ஆண்டுகளுக்குப் பிறகு கொடுக்க 60 நிமிடங்கள் ஆகும். வேதியியல் வகுப்பில் படிக்கும் அரை ஆயுள் எங்கே பயன்படுகிறது பாருங்கள்!

மலேசியாவில், கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இந்தக் கருவி இருக்கிறது. ஈப்போவிலிருந்து அங்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இந்தத் தொலைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

மூன்று ஆண்டுக் காத்திருப்பு

சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். தலை அசையாமல் இருக்க, மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். படம் எடுத்து, திட்டம் போட்டு, கதிரைச் செலுத்துவார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. 

ஆனால், அன்றைக்கே பின்னல் மறைந்துவிடாது. கதிர் பட்ட இரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள செல்கள் சேதமடைகின்றன. அதைச் சரிசெய்ய முயலும் உடல், சுவரைத் தடிக்க வைக்கிறது. மாதக்கணக்கில் சுவர் உள்நோக்கித் தடித்துக்கொண்டே போய், குழாய் குறுகி, கடைசியில் அடைபடுகிறது. இதற்கு 2 முதல் 3 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை கசிவு அபாயம் தொடர்ந்து இருக்கும். 

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பின்னல் முழுவதும் அடைபட்டால்தான் பாதுகாப்பு. 90 விழுக்காடு அடைபட்டுவிட்டது என்பதால் ஆபத்தும் 90 விழுக்காடு குறைந்துவிடாது. மீதியிருக்கும் குழாய்களிலும் இரத்தம் அதே அழுத்தத்தோடு பாயலாம்.

சிறிய பின்னல்களில் 10 பேரில் ஏறக்குறைய 7 அல்லது 8 பேருக்கு முழு வெற்றி கிடைக்கிறது. மற்றவர்களுக்கு?

ஏன் பலிக்காமல் போகிறது?

முதல் காரணம் அளவு. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையின் கன அளவு சுமார் 4.2 கன சென்டிமீட்டர். விட்டம் இரு மடங்காகி 4 சென்டிமீட்டர் ஆனால், கன அளவு 33.5, அதாவது எட்டு மடங்கு! பெரிய பின்னலுக்கு முழு வலிமையோடு கதிர் கொடுத்தால், சுற்றியுள்ள நல்ல மூளையும் அதிகக் கதிரை வாங்கிக்கொள்ளும். அதனால் அளவைக் குறைப்பார்கள். குறைத்தால் குழாய் அடைபடும் வாய்ப்பும் குறையும். தாத்தா பாட்டியின் ஒரு மில்லிமீட்டர்ச் சிக்கல் இதுதான்.

இரண்டாவது காரணம் இடம். மூளைத்தண்டு போன்ற மென்மையான பகுதிக்கு அருகில் இருந்தால், அங்கேயும் அளவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் பகுதி. ஏற்கெனவே இரத்தம் கசிந்து உறைந்திருந்தால், அந்தக் கட்டி பின்னலின் ஒரு மூலையை அழுத்தி மறைத்துவிடலாம். படத்தில் தெரியாத இடத்துக்கு யாராலும் கதிரைக் குறிவைக்க முடியாது. கட்டி கரைந்த பின் அந்த மூலை திறந்துகொள்ளும்.

ஆகவே, முதல் சிகிச்சை பலிக்கவில்லை என்றால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்றுதான் பொருள் என்று எண்ண வேண்டாம். கவனமாகச் செய்த சிகிச்சையிலும் இது நடக்கும்.

அடுத்த நான்கு வழிகள்

பின்னல் இன்னும் திறந்திருக்கிறதா என்று அறிய எம்.ஆர்.ஐ. படம் உதவும். உறுதியாகச் சொல்வது ஆஞ்சியோகிராம்: தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் விட்டு, எக்ஸ்ரேயில் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது. மூளையின் இரத்தக்குழாய்களை இப்படிச் சாயம் விட்டுப் பார்க்கும் முறையை 1927இல் தொடங்கிவைத்தவர் போர்த்துகல் நாட்டின் எகாஸ் மோனிஸ். 

படத்தைப் பார்த்தபின் நான்கு வழிகளை எடைபோடுவார்கள்.

ஒன்று, மறுபடியும் கதிர். ஒருமுறை சீவிய பட்டையைச் சில ஆண்டுகள் விட்டுவைத்து, புதுப்பட்டை வளர்ந்தபின் மறுபடி சீவுவார்கள் அல்லவா? மூளைக்கும் பொதுவாக மூன்று ஆண்டுகளாவது இடைவெளி கொடுப்பார்கள். முதல் கதிர் வீணாவதில்லை. பல வேளைகளில் பின்னலைச் சுருக்கியிருக்கும். விட்டம் பாதியானால் கன அளவு எட்டில் ஒன்று! அதனால் இரண்டாம் முறை குறி சிறியது. இப்படிச் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பின்னல் முழுதும் அடைபட்டிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், மீண்டும் அதே காத்திருப்பு. சுற்றியுள்ள மூளைக்கு இரண்டாம் முறை கதிர் படுவதால் வீக்கம் போன்ற பக்கவிளைவுகளுக்கும் இடமுண்டு.

இரண்டு, அறுவை. இதில் ஆபத்தை அளக்க, 1986இல் ராபர்ட் ஸ்பெட்ஸ்லர், நீல் மார்ட்டின் என்ற இருவர் வெளியிட்ட புள்ளி முறை இன்றும் பயன்படுகிறது. பின்னல் 3 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் 1 புள்ளி; 3 முதல் 6 வரை 2; அதற்கு மேல் 3. பேச்சு, பார்வை, அசைவு போன்ற முக்கியப் பகுதியில் இருந்தால் இன்னும் 1. இரத்தம் ஆழத்துச் சிரைகளில் வடிந்தால் இன்னும் 1. கூட்டுத்தொகை குறைந்தால் அறுவை எளிது. 5 வந்தால் மிகக் கடினம். கதிர் பட்டுச் சுருங்கிய பின்னலுக்குப் புள்ளி குறையலாம். அது மட்டுமல்ல, பாதி அடைபட்ட பின்னலை வெட்டும்போது இரத்தப்போக்கு குறைவாக இருப்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1990களிலேயே கவனித்து எழுதினார்கள். முன்பு வெட்ட முடியாது என்று விட்ட ஒன்றை, முதல் கதிர் வெட்டக்கூடியதாக மாற்றித் தந்திருக்கலாம்.

மூன்று, உள்ளிருந்தே அடைப்பது. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தியதுபோன்ற மெல்லிய குழாய் வழியாகப் பின்னலுக்குள் ஒருவகைப் பசையை விடுவார்கள். அவற்றில் ஒன்று, நாம் செருப்பு ஒட்டும் சூப்பர் குளூவின் உறவுக்காரப் பொருள்! இன்னொரு வகை, திரவமாகப் போய் இரத்தத்தோடு சேர்ந்ததும் கட்டியாகும். ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றியதும் உறைவதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை மட்டுமே எல்லாருக்கும் முழுத் தீர்வாகாது. பெரும்பாலும் அறுவைக்கு முன் இரத்த ஓட்டத்தைக் குறைக்கத் துணையாகிறது.

நான்கு, இருப்பதை அப்படியே விட்டுக் கண்காணிப்பது. இது கைவிடுவது ஆகாது. வெடிக்காத பின்னல் உள்ள 200க்கும் மேற்பட்டோரை வைத்து, ‘அருபா’ என்ற பெயரில் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. ஆய்வு நடந்த சில ஆண்டுகளில், சிகிச்சை பெற்றவர்களைவிட மருந்தோடு மட்டும் கண்காணிக்கப்பட்டவர்களுக்குப் பக்கவாதமும் மரணமும் குறைவாகவே ஏற்பட்டன. ஆய்வுக்காலம் குறுகியது, எல்லாவகைச் சிகிச்சையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்று பல மருத்துவர்கள் மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. சிகிச்சையின் ஆபத்தையும் நோயின் ஆபத்தையும் தராசின் இரு தட்டிலும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

இதை ஒரே மருத்துவர் தனியாக முடிவு செய்வதில்லை. மூளை அறுவை மருத்துவர், இரத்தக்குழாய்ப் படங்களில் தேர்ந்தவர், கதிர் சிகிச்சை மருத்துவர், கதிரின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் என ஒரு குழுவே உட்கார்ந்து பேசும். இயற்பியல் படித்தால் மருத்துவமனையிலும் வேலை உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்க்காமல் தெரியாது

இப்போது அந்த 200 கிலோமீட்டருக்கு வருவோம். 

கதிர் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. வலிப்பு இல்லை, தலைவலி இல்லை. பிள்ளை பள்ளிக்குப் போகிறான், பந்து விளையாடுகிறான். அடுத்த படம் எடுக்கும் தேதி வருகிறது. கோலாலம்பூருக்குப் போக ஒருநாள் சம்பளம் போகும், பயணச் செலவு வேறு. “நல்லாத்தானே இருக்கான், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று தோன்றுவது இயல்பு. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ குடிவந்த குடும்பத்தில், வீடு மாறும்போது முகவரி மாறும், கைப்பேசி எண் மாறும், மருத்துவமனை அட்டையும் தொலையும். 

ஆனால், பின்னல் அடைபட்டதா இல்லையா என்பதை உடம்பு நமக்குச் சொல்லாது. வலிப்பு நின்றுவிட்டாலும் பின்னல் திறந்தே இருக்கலாம். படம் ஒன்றுதான் சொல்லும். மேலே சொன்ன நான்கு வழிகளும் திறப்பது, அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு மட்டுமே. உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவமனைத் தேதியைக் கைப்பேசியில் பதிந்து நினைவூட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். பயணம் சிரமம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். சில பரிசோதனைகளை அருகிலேயே, ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் செய்துகொள்ள வழியுண்டா என்று கேட்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, அதுவே முதல் வலிப்பாக இருந்தாலோ 999ஐ அழையுங்கள். வாழ்நாளில் வந்திராத கடும் தலைவலி திடீரென்று இடிபோல் வந்தாலோ, ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, தாத்தா பாட்டியிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: “மரத்தைச் சீவி முடித்ததும் வீட்டுக்கு வந்துவிடுவீர்களா?” சிரிப்பார்கள். சீவிய பிறகு சில மணி நேரம் பொறுத்து, அதே மரங்களுக்குத் திரும்பிப் போய், மங்கில் பால் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவந்தால்தான் அன்றைய வேலை முடியும். கதிர் சிகிச்சையும் அப்படித்தான். திரும்பிப் போய்ப் பார்க்கும்வரை அது முடிந்ததாகக் கணக்கில்லை.